முகூர்த்தப் படம்: போன் ஏன் முகத்தை வெளுக்கிறது, பட்டுச் சேலையை ஏன் பூசி மெழுகுகிறது?

கோலப்பொடி

எல்லாருக்கும் வணக்கம். தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். போட்டோகிராபர், வீடியோக்காரர் எல்லாம் தனியாகப் பேசியாச்சு. ஆனாலும் நலங்கு, பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா, நாற்காலியிலேயே தூங்கிப்போகும் குழந்தைகள் என்று அவர்கள் எடுக்காத படங்களை நான் போனில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான், 50 மெகாபிக்சல் என்று பின்னால் போட்டிருக்கிறது.

நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி. எங்கள் வீட்டில் எல்லாரும் நல்ல கறுப்பு. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்கும் படத்தில் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அதே இடத்தில் முகத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் பவுடர் அப்பின முகமாக வெளுக்கிறது. தோலை மெழுகி வெளுக்கும் பியூட்டி அமைப்பை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். அம்மா கட்டியிருந்த அரக்குப் பட்டில் மடிப்பும் இல்லை, புட்டாவும் இல்லை, ஒரே சிவப்பு.

எடுக்கும்போது எதை மாற்ற வேண்டும்? எடுத்த பிறகு எதில் சரி செய்யலாம்? புதுப் போன் வாங்கச் சொல்லாதீர்கள், காசெல்லாம் மண்டபத்துக்கே போய்விட்டது.

வெட்டிப்பேச்சு

போனைப் பைக்குள் போட்டுவிட்டு முதல் பந்தியில் உட்காருங்கள் என்பதுதான் என் யோசனை. முகூர்த்த நேரத்தில் மேடையைச் சுற்றி இருபது போன் நீட்டிக்கொண்டு நிற்கும். காசு வாங்கின போட்டோகிராபருக்குக் கிடைப்பது யாரோ ஒருவருடைய முழங்கை.

சரி, கேட்டதற்குப் பதில்: ப்ரோ மோடுக்கு மாறுங்கள். எல்லாம் நம் கையில் இருக்கும், போன் தலையிடாது.

இருட்டறை

ப்ரோ மோடு விஷயத்தில் வெட்டிப்பேச்சு சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கோலப்பொடி சொன்ன இரண்டு கோளாறும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிர் மாதிரி தெரியும். வேர் ஒன்றுதான்.

எதிரில் இருப்பது எல்லாம் சேர்ந்து சராசரியாக நடுத்தரச் சாம்பல்தான் என்று கேமரா எடுத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் 18 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும் பரப்பு என்பது பழைய கணக்கு. சட்டகம் முழுக்கக் கறுத்த முகம் நிறைந்தால், ‘இங்கே வெளிச்சம் போதவில்லை’ என்று தானாக ஏற்றிவிடும். முகம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்று என்ற கட்டளையும் பல போன்களில் உண்டு. உங்கள் பவுடர் முகம் அதுதான்.

வேட்டி சட்டைப் படத்தில் நடப்பது வேறு. இப்போதைய போன் ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. நீங்கள் பட்டனைத் தொடுவதற்குள் வெளிச்சம் குறைவாகப் பல சட்டகங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கிறது. வெள்ளை வேட்டி வெடித்து, மடிப்பே தெரியாத வெறும் வெள்ளையாகிப் போகாமல் இருக்க மொத்தத்தையும் இறக்கி எடுத்துவிட்டு, பிறகு இருட்டான பகுதிகளை மட்டும் தூக்கிவிடுகிறது. பளிச்சென்ற வேட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கறுத்த முகத்தை அது முகம் என்று பார்ப்பதில்லை, நிழல் என்று பார்க்கிறது. நிழலைத் தூக்குகிறது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழுந்த மினுமினுப்பை, அது பளிச்சென்ற பகுதி என்பதால், அமுக்குகிறது. கீழே இருந்தது மேலே வந்து, மேலே இருந்தது கீழே வந்தால் முகத்தில் மேடு பள்ளமே இருக்காது. சாம்பல் பூத்தது என்று நீங்கள் சொன்னது இதைத்தான்.

நம் நிறத்துக்கு அழகே அந்த மினுமினுப்பில்தான் இருக்கிறது. வெளுத்த தோலில் நிழல் முகத்தை வரைகிறது. கறுத்த தோலில் ஒளி வரைகிறது. மூக்குத்தண்டில் ஒரு கோடு, கன்னத்தில் ஒரு திட்டு, தாடையோரத்தில் ஒரு விளிம்பு. இந்த மூன்றும் படத்தில் நின்றுவிட்டால் முகம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உயிரோடு இருக்கும். ஆகவே முகத்தை வெளிச்சமாக்குவது எப்படி என்று தேட வேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ ஏற்பாடு செய்துவிட்டு, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கொஞ்சம் இறக்குங்கள்.

கை வேலை இவ்வளவுதான்: முகத்தைத் தொட்டு அப்படியே அழுத்திப் பிடியுங்கள், போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சின்ன சூரியன் படம் வரும். அதைக் கீழே இழுங்கள். திரையில் நெற்றியின் மினுமினுப்பைப் பாருங்கள்: வெள்ளைத் திட்டாக இருந்தது தோலின் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். எண் காட்டும் போனாக இருந்தால் பெரும்பாலும் -0.3க்கும் -0.7க்கும் நடுவில் நிற்கும். திரையில் பார்க்கக் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெடித்துப்போன வெள்ளையைத்தான் யாராலும் திருப்பித் தர முடியாது.

பியூட்டியை அணைத்தேன் என்கிறீர்கள். பல போன்களில் அது பின் கேமராவுக்கு ஒன்று, முன் கேமராவுக்கு ஒன்று, பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடுக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஒளிந்திருக்கும். எதிரில் இருப்பது என்ன என்று ஊகித்துத் தானாக நிறத்தை மாற்றும் ஏ.ஐ. சீன் என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அணையுங்கள். லென்ஸை வேட்டி நுனியிலாவது துடையுங்கள். பந்தியில் நெய் பட்ட விரல் லென்ஸில் பட்டிருந்தால் எல்லா விளக்கிலிருந்தும் கோடு கோடாக ஒளி ஒழுகும்.

கோலப்பொடி

இருட்டறை அண்ணா, நன்றி. இப்போதே அப்பாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எடுத்துப் பார்த்தேன். சூரியனைக் கீழே இழுத்ததும் அவர் முகத்தில் அம்மைத் தழும்பு வரைக்கும் தெரிகிறது. அவருக்குத்தான் பிடிக்கவில்லை, ‘இவ்வளவு கறுப்பாவா இருக்கேன்’ என்கிறார்.

ஆனால் மண்டபத்தில் ஜன்னல் எங்கே? எல்லாம் தலைக்கு மேல் டியூப் லைட்டும் பேனலும்தான்.

கும்பகோணம் ஸ்டூடியோக்காரர்

தங்கச்சி, மண்டபத்தில் உங்களுக்கு ஜன்னல் வீடியோக்காரர்தான். அவர் பிடித்து நிற்கும் எல்.இ.டி. விளக்குதான் அங்கே இருப்பதிலேயே நல்ல வெளிச்சம். எல்லாரும் அவர் தோளுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். அங்கே நின்றால் வெளிச்சம் முகத்தில் நேரே மோதி, தட்டையாக இருக்கும். நீங்கள் அவருக்குப் பக்கவாட்டில் நாலடி தள்ளி நில்லுங்கள். அதே விளக்கு இப்போது மாப்பிள்ளையின் ஒரு கன்னத்தில் விழும், இன்னொரு கன்னம் மெதுவாக இறங்கும். இருட்டறை சொன்ன மூக்குத்தண்டுக் கோடு தானாக வரும். அவர் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். அவருடைய சட்டகத்துக்குள் மட்டும் போய்விடாதீர்கள், அப்புறம் ஆயுசுக்கும் திட்டுவார்.

தலைக்கு மேல் டியூப் லைட் மட்டும் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் கண்குழி இருட்டாகிவிடும். அங்கே ஒரு உபாயம்: ஆள் குனிந்து இலையைப் பார்க்கும்போது எடுக்காதீர்கள். பரிமாறுபவரை நிமிர்ந்து பார்த்து ‘போதும் போதும்’ என்று கை காட்டும்போது எடுங்கள். முகம் மேலே திரும்பும், கண்ணுக்குள் விளக்கு விழும். இலை விரித்த மேசையில் வெள்ளைக் காகித உருளை போட்டிருந்தால் இன்னும் நல்லது, கீழேயிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் எழும்பும்.

போனின் ப்ளாஷை மறந்துவிடுங்கள். இரண்டு மீட்டர் தாண்டினால் அதற்குப் பலம் இல்லை. அதற்குள் இருப்பவர்கள் முகத்திலோ வியர்வையும் எண்ணெயும் மட்டும்தான் தெரியும்.

வெட்டிப்பேச்சு

ப்ரோ மோடு ஏன் கூடாது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

இருட்டறை

சொல்கிறேன். போன் கேமராவின் சென்சார் விரல் நகத்தளவு. அது தாக்குப்பிடிப்பதே பல சட்டகங்களை அடுக்கிச் சேர்ப்பதால்தான். பல போன்களில் ப்ரோ மோடுக்குப் போனால் அந்த அடுக்கல் நின்றுவிடும், ஒற்றைச் சட்டகம்தான். மண்டப வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) எகிறி, கறுத்த தோலில் பொரிப் பொரியாகப் புள்ளி வரும். ‘போன் தலையிடாது’ என்பது உண்மைதான், உதவியும் செய்யாது.

ஒரே ஒரு இடத்தில் ப்ரோ மோடு வேண்டும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரையோ மலிவு எல்.இ.டி. பட்டைகளோ இருந்து, படத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடினால். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் கோடு மறையும். எல்.இ.டி. திரைகள் தங்கள் சொந்த வேகத்தில் மினுக்குபவை, அவற்றுக்கு 1/50 அல்லது 1/25க்கு இறங்கிப் பார்ப்பதுதான் வழி. 1/25இல் கை நடுங்கும், அசையும் ஆளும் கலங்குவார் என்பது விலை. வீடியோவிலும் இதே கதை. நொடிக்கு 25 அல்லது 50 சட்டகம் என்ற வேகம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் பால் (PAL) பார்மேட் என்று ஒரு அமைப்பை இயக்கினால்தான் 25 தெரியும்.

இன்னொன்று, 50 மெகாபிக்சல் என்று பெருமையாக ஒரு பொத்தான் இருக்கும். மண்டபத்துக்குள்ளே அதைத் தொட வேண்டாம். சாதாரணமாக அந்த சென்சார் நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. சேர்ப்பதால்தான் இருட்டில் சுத்தமாக இருக்கிறது. 50ஐ வைத்துக்கொள்ள ஒரே இடம் பகல் வெயிலில், பந்தல் வாசலில் கோலத்தையும் வாழைமரத்தையும் எடுக்கும்போது.

நெசவாளி மகள்

பட்டு பற்றி நான் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், இப்போது இணையத்தில் சேலை விற்பதால் தினமும் போனில் பட்டு எடுப்பதுதான் வேலை.

அரக்கும் குங்குமச் சிவப்பும் ஏன் பெயின்ட் மாதிரி வருகிறது என்றால், சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. அரக்குப் பட்டில் பச்சையும் நீலமும் கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் சிவப்பில்தான். அந்தச் சிவப்பு மட்டும் உச்சியைத் தொட்டுவிட்டால் மடிப்பின் மேடும் பள்ளமும் ஒரே எண்ணாகிவிடும். மொத்தப் படம் இருட்டாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வெடித்திருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. இதற்கும் மருந்து அந்தச் சூரியனைக் கீழே இழுப்பதுதான். ஆக முகத்துக்கும் பட்டுக்கும் ஒரே வேலை.

திருத்தும்போது எல்லாரும் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றுவார்கள். பட்டுக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் ஆப்பில் கலர் மிக்ஸ் என்று இருக்கும், அதில் சிவப்பைத் தேர்ந்தெடுத்து சாச்சுரேஷனை 10 போலக் குறையுங்கள், லூமினன்ஸையும் (அந்த நிறத்தின் வெளிச்சம்) கொஞ்சம் குறையுங்கள். சூரியனை இறக்கி எடுத்த படமாக இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த மடிப்பு மெதுவாக வெளியே வரும். பச்சைப் புட்டா, தாழம்பூ ரேக்கின் பல் பல்லான விளிம்பு, உடலும் கரையும் கோர்வையில் சேரும் இடத்தில் தெரியும் மெல்லிய ஏற்ற இறக்கம், எல்லாம் இருக்கும். கிட்டத்தில் எடுத்தால் அந்தக் கோர்வைக் கோட்டை விட அழகான படம் எதுவும் இல்லை.

மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறச் சேலைக்குத் திருத்தம் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமா பச்சையா என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கட்டியிருப்பவரை மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பச் சொல்லிவிட்டு இரண்டும் தெரியும் கோணத்தில் நிறுத்துங்கள். ஜரிகைக்கும் அப்படித்தான், நேர் வெளிச்சத்தில் அது மஞ்சள் நூல் மாதிரி செத்துக் கிடக்கும், ஒளி சாய்வாக வந்தால்தான் உலோகம் என்று தெரியும்.

அப்புறம் சட்டகம் முழுக்கச் சிவப்புப் பட்டு நிறைந்தால் போன் குழம்பி முகத்தில் பச்சை கலந்த நீலத்தை ஊற்றும். கொஞ்சம் விலகி நின்று, வேட்டியோ சுவரோ ஓரத்தில் வரும்படி எடுத்தால் நிறக்கணக்கு சரியாகிவிடும்.

வெட்டிப்பேச்சு

ஸ்னாப்சீட் ஆப்பில் எது வெள்ளை என்று தொட்டுக் காட்டி நிறத்தைச் சரி செய்யும் வொயிட் பேலன்ஸ் சொட்டான் இருக்கிறதே, அதை வேட்டியில் வைத்துத் தொட்டால் முடிந்தது வேலை.

நெசவாளி மகள்

முடியாது. நம் வீட்டு வேட்டி வெள்ளை இல்லை, சொட்டு நீலம் போட்டது. அதை வெள்ளை என்று நம்பி ஆப் நீலத்தை எடுத்துவிட்டால் ஊரே மஞ்சள் குளிக்கும். வாழையிலைக்கு அடியில் விரித்த காகிதத்தைத் தொடுங்கள், பரவாயில்லாமல் வரும்.

இருட்டறை

நெற்றி விபூதியைத் தொட்டாலும் வரும். பட்டையாக, கெட்டியாகப் பூசியிருக்க வேண்டும். மெல்லிய கீற்று என்றால் கீழே உள்ள தோல் நிறம் கலந்துவிடும்.

பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கக் கலியாண வீடுகளில் இப்ப பெரிய கரைச்சல் மணவறையில பூட்டுற கலர் லைட்தான். ஊதா, நீலம், ரோஸ் என்று மாறி மாறி எரியும். மச்சாளின்ர தாலிகட்டுப் படங்களில் கூறைச் சேலை என்ன நிறமென்றே விளங்கவில்லை, முகங்களும் நீலம். இதை எடிட் பண்ணி எடுக்கலாமோ?

இருட்டறை

முழுக்க நீல எல்.இ.டி. விழுந்த முகத்தை யாராலும் சரி செய்ய முடியாது. அந்த விளக்கில் சிவப்பே இல்லை. விளக்கில் இல்லாத நிறம் தோலிலிருந்து திரும்பி வராது, படத்திலும் இருக்காது. திருத்தும்போது நிறத்தை மஞ்சள் பக்கம் தள்ளினால் நீலம் சாம்பலாகுமே தவிர மனிதத் தோலாகாது. இரண்டே வழி: நிறம் மாறி வெள்ளையோ இளமஞ்சளோ வரும் நொடிக்குக் காத்திருப்பது, இல்லையென்றால் கறுப்பு வெள்ளையாக்குவது. கறுப்பு வெள்ளை உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

கலியாணத்துக்கு முன்பே மண்டபத்துக்காரரிடம் ‘தாலி கட்டும் அரைமணி நேரத்துக்கு மட்டும் வெள்ளை விளக்கு’ என்று பேசி வைத்தால் இது எதுவுமே வேண்டாம்.

பனங்கிழங்கு

அது நல்ல கதை. தம்பியின்ர கலியாணத்துக்கு முதலே சொல்லி வைக்கிறன்.

கோலப்பொடி

இப்போது திருத்துவதற்கு வருவோமா? யாராவது ஒரு படத்தை வைத்துப் படிப்படியாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும். ஸ்னாப்சீட்தான் வைத்திருக்கிறேன், அது காசு கேட்காது.

கும்பகோணம் ஸ்டூடியோக்காரர்

ஸ்னாப்சீட் போதும். உங்கள் அண்ணன் வேட்டி சட்டையில் நிற்கும் படம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஐ கம்ஃபர்ட், நைட் லைட் எதுவும் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் திரையில் திருத்தினால் முகம் நீலமாகத்தான் முடியும். டியூன் இமேஜில் ஹைலைட்ஸை 20 குறையுங்கள், ஷேடோஸை 10க்கு மேல் ஏற்றாதீர்கள். போன் ஏற்கெனவே தூக்கிய நிழலை நீங்களும் தூக்கினால் சாம்பல் இரட்டிப்பாகும். ஆம்பியன்ஸ் என்ற ஒன்று எல்லாருக்கும் பிடிக்கும். அதை மேலே இழுத்தால் படம் பளபளக்கிற மாதிரி தோன்றும், முகம் மட்டும் களிமண்ணாகிவிடும். தொட வேண்டாம். படம் ஏற்கெனவே சாம்பல் பூத்து வந்திருந்தால் அதைக் கொஞ்சம் இடது பக்கம், குறைவில் தள்ளிப் பாருங்கள், இழந்த மேடு பள்ளம் ஓரளவு திரும்பும்.

அப்புறம் செலக்டிவ். இதுதான் உங்களுக்கு முக்கியக் கருவி. கன்னத்தில் ஒரு புள்ளி வையுங்கள், இரண்டு விரலால் விரித்தும் குறுக்கியும் வட்டத்தை முகத்துக்கு மட்டும் அளவாக்குங்கள். அது வட்டத்துக்குள் அந்த நிறத்தை ஒத்த இடங்களை மட்டும் மாற்றும், பக்கத்து வேட்டியைத் தொடாது. வெளிச்சம் 10 அல்லது 12 ஏற்றுங்கள், கான்ட்ராஸ்ட் 10 ஏற்றுங்கள். இன்னொரு புள்ளி சட்டையில், வெளிச்சம் 15 இறக்குங்கள். சட்டை இறங்கினாலே முகம் தானாக எழுந்துவிடும், முகத்தை அதிகம் ஏற்ற வேண்டிய அவசியமே வராது. நுணுக்கங்களைக் கூர்மையாக்கும் ஸ்ட்ரக்சரைத் தோலில் ஏற்றாதீர்கள், நாற்பது வயது கூடிவிடும். பட்டின் மேல் மட்டும் வேண்டுமென்றால் வியூ எடிட்ஸ் போய் அந்தத் திருத்தத்தைத் தூரிகையால் பட்டுக்கு மட்டும் தடவலாம்.

அவ்வளவுதான். இதற்கு மேல் செய்வது எல்லாம் பெரும்பாலும் கெடுப்பதுதான். ஒன்றை முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். உடனே பார்த்தால், கண் பழகிப் போயிருப்பதால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

இருட்டறை

லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ‘கல்யாண ப்ரீசெட்’ என்று, ஒரே தொடுதலில் போடும் திருத்தத் தொகுப்புகளை விற்கிறார்களே, பளீரென்று வெளுத்துக் காற்றில் மிதக்கும் தோற்றம், அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்து கலர் மிக்ஸைப் பாருங்கள். ஆரஞ்சின் லூமினன்ஸ் மேலே ஏறியிருக்கும், சாச்சுரேஷன் கீழே இறங்கியிருக்கும். கறுப்போ மாநிறமோ சிவப்போ, மனிதத் தோல் எல்லாமே ஆரஞ்சிலும் சிவப்பிலும்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆரஞ்சை ஏற்றி வெளிறச் செய்வது என்றால் நேரடியாகத் தோலை வெளுப்பது. வேறு யாருக்கோ செய்த ப்ரீசெட்டை நம் முகத்தில் போட்டால் தோல் சாயம் போன மாதிரி ஆவது இதனால்தான். ப்ரீசெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், போட்டதும் ஆரஞ்சு லூமினன்ஸை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். லேசாக -5 வைத்தால் நம் நிறத்துக்கு ஆழம் கூடும்.

மஞ்சள் தனி. அது நலங்கு மஞ்சளும் தங்க நகையும் இருக்கும் இடம். அதைத் தாராளமாக விட்டுவிடுங்கள்.

கோலப்பொடி

ஒரு சங்கடம். அண்ணியாக வரப்போகிறவர், நான் அனுப்பின நிச்சயதார்த்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘கொஞ்சம் கலர் ஏத்திக் குடு’ என்கிறார். அவர் கல்யாணம், அவர் முகம். நான் பாட்டுக்கு மாட்டேன் என்பது நன்றாக இருக்குமா?

வெட்டிப்பேச்சு

கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே. நாம் என்ன சீர்திருத்த மாநாடா நடத்துகிறோம்.

கும்பகோணம் ஸ்டூடியோக்காரர்

இந்தத் தொழிலில் அதிகம் காதில் விழும் வார்த்தையே அதுதான் தங்கச்சி. ஆல்பம் வடிவமைப்பவர்கள் கேட்காமலேயே வெளுத்துவிடுகிறார்கள். அப்பா ஒரு நிறம், மகள் ஒரு நிறம், மாப்பிள்ளைக்குக் கை ஒரு நிறம் முகம் ஒரு நிறம் என்று ஆல்பம் வந்து நிற்கும். மருதாணிக் கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்த படத்தில் இது அப்பட்டமாகத் தெரியும்.

பிலிம் காலத்திலும் இருந்த கதைதான். கோடாக் லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை வரும், ஷர்லி அட்டை என்பார்கள், அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. நம் முகம் அந்தக் கணக்கிலேயே இல்லை. பல இனத்தவரும் இருக்கிற அட்டை வந்தது 1990களில்தான்.

இருட்டறை

அதன் வால்தான் இன்றைய போனிலும் நீள்கிறது. எல்லாரும் அப்படியே இருந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கூகுள் 2021இல் பிக்சல் 6 போனுடன் ரியல் டோன் என்று கறுத்த தோலுக்காகவே கேமராக் கணக்கைத் திருத்தியது. மறுவருடம் ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த 10 நிறப் படிநிலையை வெளியிட்டது. அதற்கு முன் பலரும் வைத்திருந்தது வெயிலில் தோல் சிவப்பதை அளக்கத் தோல் மருத்துவர்கள் உண்டாக்கிய 6 படிநிலை.

அண்ணி விஷயத்தில் என் கருத்து: அவர் கேட்பது பெரும்பாலும் வெளுப்பு இல்லை. சாம்பல் பூத்த அந்தப் படத்தில் தான் களையிழந்து தெரிவதைத்தான் ‘கலர்’ என்று சொல்கிறார். ஜன்னலோரத்தில், பக்க வெளிச்சத்தில், சூரியனை இறக்கி ஒன்று எடுத்து, செலக்டிவில் முகத்தை 10 ஏற்றிக் கொடுங்கள். கான்ட்ராஸ்ட் கூடினாலே பலருக்கு அந்தக் குறை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் வெளுப்புத்தான் வேண்டும் என்றால் அது அவர் விருப்பம், செய்து கொடுத்துவிட்டு மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நெசவாளி மகள்

மாடலாக நிற்கும் பெண்ணின் முகத்தை வெளுத்தால் சேலை நிறமும் சேர்ந்து மாறும். வாங்கினவர்கள் ‘படத்துல பார்த்தது வேற’ என்று திருப்பி அனுப்புவார்கள். அறத்தை விடுங்கள், வியாபாரத்துக்கே அது நஷ்டம். அண்ணியிடம் இப்படியும் சொல்லிப் பாருங்கள்: ‘முகத்தை ஏத்தினா கூறைப் பட்டு மங்கும்.’ பட்டுக்காக எதையும் விட்டுக்கொடுப்பார்கள்.

கோலப்பொடி

நெசவாளி அக்கா, அது பலித்துவிட்டது! பட்டு பெயரைச் சொன்னதும் அடங்கிவிட்டார்.

இன்னும் சில சில்லறைக் கேள்விகள். தாலி கட்டும் நொடியைப் போனில் பிடிக்க முடியுமா? குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் ஏன் குண்டாகத் தெரிகிறார்கள்? போர்ட்ரெய்ட் மோடில் அக்காவின் ஜிமிக்கி பாதி காணாமல் போகிறது. ஆச்சியின் கண்ணாடியில் டியூப் லைட் தெரிகிறது.

இருட்டறை

ஒவ்வொன்றாக.

தாலி கட்டும்போது போட்டோ எடுக்காதீர்கள், 4கே வீடியோ எடுங்கள். கெட்டிமேளம் சொன்னதும் ஆரம்பித்து அட்சதை விழுந்து முடியும் வரை. பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்து வேண்டிய சட்டகத்தைப் படமாக எடுத்துக்கொள்ளலாம். 4கே சட்டகம் என்பது 8 மெகாபிக்சல், ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்குத் தாராளம். கை அசைவு கொஞ்சம் கலங்கியிருக்கும், அது நன்றாகவே இருக்கும். ஹோமப் புகை முன்னால் இருந்தால் இடமோ வலமோ நகர்ந்து, விளக்கு புகைக்குப் பின்னால் இல்லாதபடி நில்லுங்கள். திருத்தும்போது மூட்டம் நீக்கும் டீஹேஸ் போட்டுப் புகையை விரட்டினால் முகமும் சேர்ந்து கறுத்துச் சிவக்கும்.

ஓரத்தில் இருப்பவர்கள் இழுபடுவது 0.5எக்ஸ் என்ற அகலக் கோண லென்ஸால். குடும்பப் படத்துக்கு அதை விட்டுவிட்டு 1எக்ஸில் பின்னால் போங்கள். போனை நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் பிடியுங்கள். இரண்டு ஓரத்திலும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். தனி முகத்துக்கு எட்டிப் பக்கத்தில் போகாதீர்கள், மூக்கு பெரிதாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ். 50 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை வெட்டித் தருவதால் வெளிச்சம் இருந்தால் தரம் அதிகம் குறையாது. அதற்கு மேல் ஜூம் வேண்டாம்.

போர்ட்ரெய்ட் மோடுக்கு எது முன்னால் எது பின்னால் என்பது ஊகம்தான். ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, மல்லிகைச் சரத்தின் ஓரம், பிரிந்த முடி, எல்லாம் அதற்குப் பின்னணி. மங்கலின் அளவைக் குறைத்து வையுங்கள். பல போன்களில் எடுத்த பிறகும் குறைக்கலாம். நகை போட்ட ஆளுக்கு நான் அந்த மோடையே தவிர்ப்பேன்.

கும்பகோணம் ஸ்டூடியோக்காரர்

ஆச்சி கண்ணாடிக்குப் பழைய வித்தை: காதில் மாட்டும் கம்பியை ஒரு நூல் மேலே தூக்கிவிடுங்கள், கண்ணாடி கொஞ்சம் தரையைப் பார்க்கும். டியூப் லைட் மறைந்துவிடும். கழற்றச் சொல்லாதீர்கள், கண்ணாடி இல்லாத ஆச்சியைப் பேரப்பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது.

வெட்டிப்பேச்சு

நானும் ஒன்று உருப்படியாகச் சொல்லிவிடுகிறேன். மங்கலான படத்தைத் தெளிவாக்குகிறேன் என்று வரும் ஏ.ஐ. ஆப்களில் குடும்பப் படத்தைப் போடாதீர்கள். தெரியாத கண்ணையும் பல்லையும் தானே வரைந்து வைக்கும். எங்கள் வீட்டு அப்பத்தா படத்தை ஒரு பேரன் அப்படித் ‘தெளிவாக்கி’ ப்ரேம் போட்டு மாட்டிவிட்டான். பளிச்சென்று இருக்கிறது, யாரென்றுதான் தெரியவில்லை.

கோலப்பொடி

வெட்டிப்பேச்சு அண்ணா :) கடைசியாக ஒன்று. எடுத்ததையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அங்கிருந்தே ஆல்பத்துக்கும் கொடுத்துவிடலாமா?

கும்பகோணம் ஸ்டூடியோக்காரர்

கூடாது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். 6×4 பிரிண்டுக்கு அது போதும், 12×8 போட்டால் பல்லைக் காட்டும். குழுவில் பார்க்கிறவர்களுக்கு அப்படியே போடுங்கள். ஆல்பத்துக்குக் கொடுப்பதை மட்டும் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலம் அப்படியே போகும். பென் டிரைவில் கொடுத்தால் இன்னும் நிம்மதி.

லேபில் மொத்தமாகக் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று படத்தை மட்டும் 6×4 போட்டுப் பாருங்கள். போன் திரை பின்னாலிருந்து எரிவது, காகிதம் எரியாது, ஒரு படி இருட்டாகத்தான் வரும். அதற்குத் தகுந்தபடி மொத்த வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். கவுண்டரில் மறக்காமல் ‘ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்து இறக்கின முகத்தை அந்த இயந்திரம் மறுபடி வெளுத்துக் கொடுத்துவிடும்.

கோலப்பொடி

குறித்துக்கொண்டேன் அண்ணா. சனிக்கிழமை மண்டபத்தைப் பார்க்கப் போகிறோம், மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை இருக்கிறதா, சாப்பாட்டுக் கூடத்தில் என்ன விளக்கு என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

பனங்கிழங்கு

கலர் லைட் இருந்தால் அண்டைக்கே சொல்லி வையுங்கோ தங்கச்சி. கலியாணத்தண்டு ஒருத்தரும் கேளாங்கள்.